டாங்டுட் கேட்கப் பழகுவது எப்படி: கெண்டாங் அடியிலிருந்து கல்யாண மேடை வரை

ஜகார்த்தாவுக்கோ சுரபாயாவுக்கோ வேலை மாற்றலாகிப் போகிறீர்கள், அல்லது சிங்கப்பூரில் பக்கத்து மேசைக்காரர் இந்தோனேசியர், அவர்கள் ஊர்ப் பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றுகிறது. உடனே எல்லோரும் செய்வது ஸ்பாட்டிஃபையில் அந்த நாட்டின் டாப் 50 பட்டியலைப் போடுவதுதான். அதைச் செய்யாதீர்கள். பியானோவோடு உருகும் காதல் பாட்டுகள் வரிசையாக வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதே பாட்டு மணிலாவிலும் சியோலிலும் கிடைக்கும். லாரி டிரைவர் கேட்பது, கல்யாணப் பந்தலில் ஒலிப்பது, தேர்தல் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் வேறு ஒன்று. அதன் பெயர் டாங்டுட். அதில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆல்பம் ஆல்பமாகக் கேட்டால் இது பாதிதான் பிடிபடும், ஏனென்றால் டாங்டுட் மேடையில் நடக்கிற சங்கதி. ஒரே பாட்டை நூறு குழுக்கள் பாடும், ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும், அசல் யாருடையது என்று பாதிப் பேருக்குத் தெரியாது, கவலையும் இல்லை. அதனால் 'பாடகர் யார்' என்று தேடும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, 'எந்தக் குழு, எந்த மேடை' என்று தேடப் பழக வேண்டும்.

முதலில் மேளத்தைப் பிடியுங்கள்

கெண்டாங் என்பது சின்னதும் பெரியதுமாக இரட்டை மேளம், தபேலாவுக்கு நெருங்கிய உறவு. இந்த இசைக்குப் பெயர் வந்ததே அதன் சத்தத்திலிருந்துதான். பழைய பாட்டு ஒன்றைப் போட்டு நான்கு நான்காக விரலில் எண்ணிப் பாருங்கள். நான்காவது எண்ணிக்கையில் 'டாங்' விழும், அடுத்த சுற்றின் ஒன்றில் 'டுட்' விழும். அந்த 'டுட்'டில் ஒரு குழைவு இருக்கும், தோலை அழுத்தி ஒலியை வளைப்பதால் வருவது. தபேலா கேட்டு வளர்ந்த காதுக்கு இது இரண்டாவது பாட்டிலேயே பழகிவிடும், இந்த விஷயத்தில் நமக்கு வெள்ளைக்காரரைவிட வேலை குறைவு. ஆடுபவர்களின் இடுப்பு எங்கே இறங்குகிறது என்று கவனித்தால் அதே 'டுட்'டில்தான் இறங்கும்.

அப்புறம் மூங்கில் புல்லாங்குழல். சுலிங் என்பார்கள். பாட்டுக்கு நடுவில் பாடகர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் அது நுழையும். கூடவே மேண்டலின், எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், கீபோர்டு. குரலில் கவனிக்க வேண்டியது செங்கோக், அதாவது நம் கமகம் மாதிரி சுரத்தை வளைத்து இழுப்பது. தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவர்கள் ஓயாமல் பேசுவது இதைப் பற்றித்தான். குரல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் செங்கோக் இல்லையென்றால் பாப் பாடகர் டாங்டுட் பாடுகிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இதில் இந்தியா எங்கிருந்து வந்தது என்று நம்மவர்களுக்கு உடனே கேட்கத் தோன்றும். சுமத்ராவின் மேடான் நகரில் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள், கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதியே இருக்கிறது, மாரியம்மன் கோவில் இருக்கிறது. ஆனால் டாங்டுட்டுக்குள் புகுந்த இந்தியா பெரும்பாலும் அந்த வழியாக வரவில்லை, சினிமா கொட்டகை வழியாக வந்தது. 1950களில் ராஜ் கபூர் படங்கள் இந்தோனேசியாவில் பிரமாதமாக ஓடின. அந்தக் காலத்து மலாய்ப் பாட்டுக் குழுக்கள், அவர்கள் மொழியில் ஓர்கெஸ் மெலாயு, இந்திப் பட மெட்டுகளையும் தபேலா நடையையும் எடுத்துத் தங்கள் பாட்டில் போட்டுக்கொண்டார்கள். எல்யா காடம் என்ற பாடகி இந்திய உடை, இந்திய அபிநயம் எல்லாவற்றோடும் பாடி அதைப் பெரிய மோஸ்தராக்கினார். இது தெரிந்திருப்பது நல்லது, ஆனால் இந்தோனேசியர் ஒருவரிடம் போய் 'உங்கள் பாட்டு எங்கள் காப்பிதானே' என்று ஆரம்பிக்காதீர்கள். மலாய், அரபு, போர்த்துகீசிய வழி வந்த கரோன்சோங், ராக் எல்லாம் கலந்த குழம்பு அது, நம்முடையது அதில் ஒரு மசாலா.

ரோமா இராமாவைத் தாண்டிப் போக முடியாது

அடுத்த வேலை ஒரு வாரம் ரோமா இராமா கேட்பது. 1946இல் மேற்கு ஜாவாவின் தாசிக்மலாயாவில் பிறந்தவர், 1970இல் சொனெத்தா என்ற குழுவைத் தொடங்கியவர், 'டாங்டுட் ராஜா' என்றால் அவர்தான். டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவைக் கேட்டு வளர்ந்த ஆள் என்பதால் கெண்டாங்கும் சுலிங்கும் நடக்கும் இடத்தில் திடீரென்று கனமான ராக் கிட்டார் வந்து விழும். அந்தச் சேர்க்கையை முதலில் கேட்கும்போது சிரிப்பு வரலாம். நாலைந்து முறை கேட்டால் சிரிப்பு போய்விடும்.

எந்தப் பாட்டு என்று கேட்டால், முதலில் 'தெராஜானா'. அந்தப் பாட்டே மூங்கில் புல்லாங்குழலையும் மாட்டுத்தோல் கெண்டாங்கையும் பற்றிப் பாடுகிறது, இது இந்தியப் பாட்டு என்று அதிலேயே வாய்விட்டுச் சொல்கிறது, ஆகையால் பாடப் புத்தகம் மாதிரி பயன்படும். அடுத்து 'பெகடாங்', காரணம் இல்லாமல் ராத்திரி கண்விழிக்காதே, காரணம் இருந்தால் விழித்துக்கொள் என்று சொல்லும் பாட்டு. அறிவுரைப் பாட்டு இவ்வளவு துள்ளலாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். சூதாட்டத்துக்கு எதிராக 'ஜூடி', சாராயத்துக்கும் போதைப் பொருளுக்கும் எதிராக 'மிராசாந்திகா' என்று இந்த வரிசை நீளும். 1970களின் நடுவில் ஹஜ் போய்வந்த பிறகு அவருடைய பாட்டு பெரும்பாலும் இஸ்லாமியப் பிரசாரமாக மாறியது, தன் இசைக்கு 'முஸ்லிம்களின் ஒலி' என்றே பெயர் வைத்துக்கொண்டார். படங்களிலும் நடித்தார், பல படங்களில் பாத்திரத்தின் பெயரும் ரோமாதான்.

இவரை வெறும் பக்திப் பாடகர் என்று நினைத்துவிட வேண்டாம். 1977 தேர்தலில் அன்றைய ஜனாதிபதி சுஹார்த்தோவின் கோல்கார் கட்சிக்கு எதிராக நின்ற இஸ்லாமியக் கட்சியான பெபெபேக்காக மேடை மேடையாகப் பாடினார். விளைவு, அரசுத் தொலைக்காட்சியான தெவெஎர்இயில் சுமார் 11 ஆண்டுகள் அவருக்கு இடமில்லை. 1989இல் முதல் தனியார் சேனல் வரும்வரை நாட்டில் இருந்ததே அந்த ஒரு தொலைக்காட்சிதான். டிவியில் ஒரு தசாப்தம் காணாமல்போன ஆள் கேசட்டிலும் சினிமாவிலும் மைதானத்திலும் ராஜாவாகவே இருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள், இந்த இசை எங்கே வாழ்கிறது என்று புரிந்துவிடும். பிறகு 1990களின் கடைசியில் அதே கோல்கார் பக்கம் போய்ச் சேர்ந்தார், அது வேறு கதை.

அவரோடு ஜோடி சேர்ந்து பாடிய எல்வி சுகாயெசியையும் கேளுங்கள், அவர் டாங்டுட் ராணி. என் கணக்கில் குரல் என்று பார்த்தால் ராணிதான் ஒரு படி மேலே. 'குலா குலா'வில் அவர் ஒரு சொல்லை நசுக்கிக் குழைத்து விடுகிற விதத்துக்கு ராஜாவின் மொத்தக் கிட்டாரும் ஈடாகாது.

யூடியூப் தலைப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இனிமேல்தான் இன்றைய விஷயம். இன்று ஜாவா தெருக்களில் ஒலிப்பது ரோமா காலத்து நிதான டாங்டுட் அல்ல, கோப்லோ. 1990களில் கிழக்கு ஜாவாவில் கிளம்பியது, மலிவான போதை மாத்திரை ஒன்றின் பட்டப்பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது, அதிலிருந்தே அதன் வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். கெண்டாங் இரட்டிப்பு வேகம், மேற்கு ஜாவாவின் சுண்டா நாட்டு ஜாய்போங் நடனத்தின் அடிகள் கலந்தது, நடுநடுவே எல்லாம் நின்று மேளம் மட்டும் வெடித்துவிட்டுத் திரும்ப வரும். இதைப் பரப்பியது ரெக்கார்டு கம்பெனிகள் இல்லை, கல்யாண மேடையில் எடுத்துச் சந்தையில் விற்ற திருட்டு விசிடிகள்.

அந்த விசிடிகளின் இடத்தை யூடியூப் பிடித்துவிட்டது, ஆகவே தேடல் அங்கேதான். தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும்: பாட்டுப் பெயர், பாடகி பெயர், 'ஓஎம்' என்று தொடங்கும் குழுப் பெயர், 'லைவ்' போட்டு ஊர்ப் பெயர். 'ஓஎம்' என்பது அந்தப் பழைய ஓர்கெஸ் மெலாயுவின் சுருக்கம். மொனாத்தா, நியூ பல்லாப்பா, சேரா, அடெல்லா என்று குழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து நான்கு குழுக்கள் அதை வாசிப்பதை அடுத்தடுத்துக் கேட்பதுதான் நல்ல பயிற்சி. மேளக்காரர் எங்கே உடைக்கிறார், கீபோர்டு எந்த இடத்தில் கோமாளித்தனம் பண்ணுகிறது என்று வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் உங்களுக்கே ஒரு குழு பிடித்துப்போகும், அதன் பிறகு ரசிகர் சண்டைகளில் கலந்துகொள்ளலாம்.

பாட்டுக்கு நடுவே ஆண் குரல்கள் கத்துவதைக் கேட்பீர்கள்: 'ஹாக்கே ஹாக்கே', 'ஜோஸ்' என்று. பின்னணிச் சத்தம் என்று விட்டுவிடாதீர்கள், அதற்குச் செங்காக்கான் என்று பெயரே உண்டு, எந்த இடத்தில் கத்த வேண்டும் என்பதும் ஏறக்குறைய வரையறுத்தது. அதேபோலப் பாடகி பாட்டை நிறுத்தாமலே 'ஊர்த் தலைவர் ஐயாவுக்கு வணக்கம், சவுண்ட் சிஸ்டம் அண்ணனுக்கு வணக்கம்' என்று வாழ்த்தைச் செருகுவார். முதலில் எரிச்சலாக இருக்கும். அதைக் கத்தரித்த ஸ்டூடியோ பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

இந்த வகையின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று 2017இல் வியா வாலன் பாடிய 'சாயாங்'. அதன் மெட்டு ஜப்பானிய இரட்டையர் கிரோரோவின் பழைய பாட்டிலிருந்து வந்தது, சொற்கள் ஜாவா மொழி, நடை கோப்லோ. அடுத்த ஆண்டே ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அதிகாரப்பூர்வப் பாட்டை அவர்தான் பாடினார். ஆனால் கல்யாண மேடையிலிருந்து ஸ்டேடியத்துக்கு வருவது எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. 2003இல் பாசுருவான் ஊர்க்காரரான இனுல் தராதிஸ்தா, துளை போடும் இயந்திரம் மாதிரி இடுப்பைச் சுழற்றும் ஆட்டத்தோடு தேசியத் தொலைக்காட்சிக்கு வந்தபோது உலமாக்கள் கண்டித்தார்கள், ரோமா இராமாவே முன்னால் நின்று எதிர்த்தார், முன்னாள் ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹித் இனுல் பக்கம் நின்றார். நாட்டின் பெரிய விவாதமே அந்த இடுப்பைப் பற்றித்தான். இனுல் ஒன்றும் ஒழிந்துபோகவில்லை, பின்னாளில் தன் பெயரிலேயே கரோக்கே கடைகளை நாடு முழுக்கத் திறந்தார். கிராமத்துப் பெண் பிழைப்புக்கு ஆடும் ஆட்டத்தை, வருடக்கணக்கில் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, டிவியில் வந்ததும் பாவம் என்று கண்டுபிடித்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அழ வேண்டுமென்றால் டிடி கெம்போட்

சோலோ நகரத்து டிடி கெம்போட்டுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். கண்டிப்பாகச் சொன்னால் இவர் டாங்டுட் இல்லை, ஜாவாவின் பழைய வெண்கல வாத்திய இசையான காமெலானின் நெடியும் கரோன்சோங்கும் கலந்த சம்புர்சாரி, ஆனால் கோப்லோ குழுக்கள் இவர் பாட்டு இல்லாமல் ஒரு ராத்திரியும் ஓட்டுவதில்லை. பெயரில் உள்ள கெம்போட், நடைபாதைப் பாடகர் குழு என்ற சொற்களின் சுருக்கம், ஏனென்றால் அவர் தொடங்கியது அங்கேதான். இந்தோனேசிய மொழியை விட்டு முழுக்க ஜாவா மொழியில், ஏமாந்த காதலை மட்டுமே பாடினார் என்று சொல்லலாம். அதையும் ஊர் பேர் தெரியாத இடத்தில் வைத்துப் பாட மாட்டார். சோலோவின் பாலாபான் ரயில் நிலையம், தீர்த்தோனாடி பேருந்து நிலையம், செமாராங்கின் தஞ்சோங் மாஸ் துறைமுகம், பாச்சிதான் பக்கத்துக் கிளாயார் கடற்கரை என்று ஒவ்வொரு பாட்டிலும் காதலி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன இடம் ஒன்று இருக்கும். ஜாவாவில் பிழைப்புக்காக வெளியூர் போகாத குடும்பம் குறைவு, அதனால் ஸ்டேஷன் பெயரைக் கேட்டாலே அழத் தயாராகிவிடுகிறார்கள்.

1999இல் 'ஸ்டாசியோன் பாலாபான்' வந்தபோது பெரியவர்களின் பாடகர். 2019இல் திடீரென்று கல்லூரிப் பையன்கள் அவர் கச்சேரியில் தேம்பித் தேம்பி அழும் வீடியோக்கள் பரவ, 'உடைந்த இதயங்களின் காட்ஃபாதர்' ஆனார். நொறுங்கிப்போனவர்களின் நண்பர்கள், ஜாவாக்காரர் வாயில் சோபாட் அம்ப்யார், என்று ரசிகர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே ஒரு கச்சேரி நடத்திக் கொரோனா நிவாரணத்துக்கு 700 கோடி ரூபியாவுக்கு மேல் திரட்டினார், மே 5ஆம் தேதி இறந்துபோனார், வயது 53. டச்சுக்காரர்கள் தோட்ட வேலைக்குக் கொண்டுபோன ஜாவாக்காரர்கள் வாழும் தென் அமெரிக்க சுரினாமில்கூட அவருக்குக் கூட்டம் உண்டு.

ஜாவா மொழி தெரியாதே என்றால், எல்லாம் தெரிய வேண்டாம். மனம் நொறுங்குவது அம்ப்யார், ஏமாற்றப்படுவது சீட்ரோ, பழைய காதலர் மந்தான், ஏக்கம் காங்கேன், பிரிவு பிசா. இந்த ஐந்தும் கையில் இருந்தால் பாதிப் பாட்டுகளின் கதையை நீங்களே கட்டிவிடலாம். அவர் வழியில் வந்த டென்னி சக்னானின் 'கர்தோன்யோனோ' என்ற 2019 பாட்டும் இப்படித்தான், ஙாவி என்ற ஊரின் ஒரு நாற்சந்தியின் பெயர் அது. மேற்கே போனால் சிரெபோன், இந்த்ரமாயு பக்கத்துக்குத் தர்லிங் என்று தனிவகை உண்டு, இப்போதைய பிள்ளைகளுக்கு ஹிப்ஹாப் கலந்த ஹிப்டுட் உண்டு. அவற்றுக்கு நான் இங்கே போகவில்லை, வழியில் எப்படியும் எதிர்ப்படும்.

மேடைக்கு நேரில் போவது

டிக்கெட் வாங்கிப் பெரிய விழாக்களுக்குப் போகலாம், ஆனால் டாங்டுட்டின் சொந்த இடம் ஹஜாத்தான், அதாவது கல்யாணம், சுன்னத்து போன்ற வீட்டு விசேஷம். அறிமுகம் உள்ளவர் அழைத்துப் போனால் நல்லது, ஜாவா கிராமத்தில் அழைப்பு கிடைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஆண்கள் முழுக்கை பாத்திக் சட்டை போட்டால் எந்த இடத்திலும் தவறாகாது. வாசலில் பெயர் எழுதும் நோட்டும் மொய்ப் பெட்டியும் இருக்கும், கவரில் பணத்தைப் போட்டுவிட்டு, மணமக்களைக் கும்பிட்டு, முதலில் சாப்பிடுங்கள். சாப்பிடாமல் நேராக மேடைக்கு முன்னால் போய் நிற்பது மரியாதைக் குறைவு.

வசதியான வீடு என்றால் முழுக் குழு வரும், லாரியில் ஸ்பீக்கர் மலை வரும். வசதி குறைவென்றால் ஓர்கன் துங்கால், ஒரே ஒரு கீபோர்டுக்காரரும் இரண்டு மூன்று பாடகிகளும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், பாடகி கூட்டத்தோடு பேசிக்கொண்டே பாடுவதால். கிழக்கு ஜாவாவில் சவுண்ட் ஹோரெக் என்று ஜன்னல் கண்ணாடி அதிரும் லாரி ஸ்பீக்கர் ஊர்வலங்கள் இப்போது மும்முரம். 2025இல் அங்கத்திய உலமா மன்றம் அதற்கு எதிராக ஃபத்வாவே கொடுத்தது. எந்த வகையானாலும் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள், கைக்குழந்தையோடு ஸ்பீக்கர் பக்கம் போகாதீர்கள்.

பகலில் ஒரு சுற்று, ராத்திரியில் ஒரு சுற்று நடக்கும். பாங்கு ஒலித்தால் இசை நிற்கும், அந்த நேரத்தில் நீங்களும் சத்தம் போட்டுப் பேசாமல் இருந்தால் போதும். மேடைக்கு நேர் முன்னால் ஆடுவது பெரும்பாலும் இளவட்டப் பையன்கள். பெண்கள் வீட்டுப் பெண்களோடு பக்கவாட்டு நாற்காலியில் உட்காருவது வழக்கம், அங்கிருந்தும் நன்றாகவே தெரியும். ஆட்டத்துக்கு ஜோகெட் என்று பெயர், கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு கட்டைவிரலையும் தூக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, 'டுட்'டுக்கு 'டுட்' எடையை மாற்றிக்கொண்டே நகருங்கள், முகத்தில் பெரிதாகச் சந்தோஷம் காட்ட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சீரியஸாக ஆடுபவரைத்தான் விஷயம் தெரிந்தவர் என்று நினைப்பார்கள். அடுத்தவர் மேல் தோள் இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்தக் கூட்டங்களில் சண்டை தொடங்குவது பெரும்பாலும் அப்படித்தான். இடி விழுந்தால் உடனே கையைக் காட்டி 'மாஆஃப், மாஸ்' என்று சொல்லிவிடுங்கள், மன்னிக்கணும் அண்ணே என்பது மாதிரி.

யாராவது பிளாஸ்டிக் கிளாஸில் ஏதாவது ஊற்றிக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். கலப்படச் சாராயத்துக்கு ஓப்லோசான் என்று பெயர், மெத்தனால் கலந்து ஆண்டுதோறும் உயிர் போகிறது, அதை எச்சரித்து ஒரு டாங்டுட் பாட்டே நாடு முழுக்கப் பிரபலம், அந்தப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே அதைக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வயிறு சரியில்லை என்று சொன்னால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

இப்போது சாவெர். பாடகிக்கு ரூபாய் நோட்டு கொடுக்கும் வழக்கம் இது, பலருக்குச் சம்பளத்தைவிட இதில்தான் வருமானம். போகும் முன்பே கடையில் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள். சாம்பல் நிற 2,000 ரூபியா நம் பத்து ரூபாய்க்குக் கிட்டத்தட்டச் சமம், பழுப்பு நிற 5,000, ஊதா நிற 10,000, இவை போதும். மொத்தமாக ஒரு சிவப்பு லட்சம் நோட்டை நீட்டுவதைவிடச் சின்ன நோட்டுகளை ஒன்றொன்றாகக் கொடுப்பதுதான் முறை, ஏனென்றால் ஒவ்வொரு நோட்டுக்கும் பாடகி உங்களைப் பார்த்து ஒரு வரி பாடுவார், சில சமயம் உங்கள் பெயரைக் கேட்டுப் பாட்டில் சேர்ப்பார். வலது கையால் கொடுங்கள், அவர் கையிலோ மேடை ஓரத்துப் பெட்டியிலோ வையுங்கள். உடையில் செருகுவது, கையைப் பிடித்து இழுப்பது, நெருங்கி உரசுவது இதெல்லாம் கூடவே கூடாது. யாரோ செய்கிறார் என்று நீங்களும் செய்தால் காவலுக்கு நிற்பவர்கள் வெளிநாட்டுக்காரர் என்று பார்க்க மாட்டார்கள். கூப்பிடும்போது 'ம்பாக்' என்று கூப்பிடுங்கள், அக்கா மாதிரி. வேலை செய்ய வந்த ஒருவரிடம் எப்படி நடப்பீர்களோ அப்படி நடந்தால் போதும்.

படித்த நகரத்துக்காரர்களிடம் டாங்டுட் பிடிக்கும் என்று சொல்லிப் பாருங்கள், முதலில் ஒரு சிரிப்பு வரும். கம்புங்கான், அதாவது பட்டிக்காட்டுத்தனம், என்ற முத்திரை இந்த இசைக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. 2022 சுதந்திர தினத்தன்று ஜனாதிபதி மாளிகையிலேயே 12 வயதுப் பையன் ஒருவன் 'ஓஜோ டிபாண்டிங்கே' பாட, அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள், அதற்குப் பிறகும் அந்தச் சிரிப்பு முழுதாகப் போகவில்லை. விட்டுவிடுங்கள், அதே ஆள் கரோக்கே அறையில் கதவைச் சாத்தியதும் மைக்கைப் பிடுங்கி டாங்டுட்தான் பாடுவார்.

பாடச் சொன்னால்

கட்டாயம் சொல்வார்கள். ஆபீஸ் விருந்தென்றாலும் கல்யாண மேடையென்றாலும் வெளிநாட்டு விருந்தாளி ஒரு பாட்டுப் பாட வேண்டும், மறுத்தால் கூச்சம் என்று நினைத்து இன்னும் வற்புறுத்துவார்கள், ஆகவே ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். 'கோப்பி டாங்டுட்' சுலபம். வெனிசுவேலாவின் பழைய காப்பிப் பாட்டு ஒன்றின் மெட்டில் 1990களின் தொடக்கத்தில் வந்தது, எல்லோருக்கும் தெரியும், நீங்கள் மறந்த வரியைக் கூட்டம் பாடிவிடும். ரோமாவின் வேகமான பாட்டு வேண்டாம், மூச்சு வாங்கும். டிடி கெம்போட் பாட்டை ஜாவாக்காரர் முன்னால் பாடினால் உச்சரிப்பு எவ்வளவு மோசமானாலும் கைதட்டு நிச்சயம், முதல் நான்கு வரி மட்டும் மனப்பாடம் செய்தாலே போதும்.

வீட்டில் பழக யூடியூபில் பாட்டுப் பெயரோடு 'கரோக்கே நாடா சோவோக்' என்று தேடினால் ஆண் சுருதி வரும், பெண் சுருதிக்கு 'நாடா செவேக்'. மேடையிலும் கீபோர்டுக்காரர் இதைத்தான் முதலில் கேட்பார். ஏறுவதற்கு முன்பே அவரிடம் பாட்டுப் பெயரையும் சுருதியையும் சொல்லிவிடுங்கள், தெரியாவிட்டால் ஒரு வரி முனகிக் காட்டுங்கள், அவரே பிடித்துக்கொள்வார். அறிமுக இசை நீளமாகப் போகும், அவசரப்பட்டு நடுவில் நுழையாமல் மேளம் ஒரு வெடி வெடித்து நிற்கும்வரை காத்திருங்கள், அதுதான் உங்கள் இடம். பாடி முடித்து இறங்கும்போது பையில் மிச்சமிருக்கும் பத்தாயிரம் நோட்டை கெண்டாங்காரரிடம் கொடுங்கள். பாடகிக்குக் கொடுக்க ஊரே இருக்கிறது, அவரை யாரும் கவனிப்பதில்லை.